பிக்கப் தொட்டிக்கு எது லாபம்: பிளாஸ்டிக்கா, பெயின்ட்டா, ரப்பர் பாயா?

புது பிக்கப் வண்டியின் சாமான் ஏற்றும் பின்தொட்டியில் முதல் கீறல் விழ ஒரு வாரம்கூட ஆகாது. அதற்கு மருந்தென்று மூன்று சாமான்கள் கிடைக்கின்றன: தொட்டியின் வடிவத்துக்கே வார்த்த பிளாஸ்டிக் லைனர் (உள்ளுறை), உருளையால் பூசும் லைனர் பெயின்ட், கனமான ரப்பர் பாய். மூன்றையும் வெவ்வேறு வண்டிகளில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

பார்வைக்கு லட்சணம் பிளாஸ்டிக் லைனர்தான். பக்கச் சுவரையும் சேர்த்து மூடிவிடும், மாட்டுவதும் சுலபம். நாலு வருஷம் கழித்து ஒருநாள் அதைக் கழற்றினேன். அடியில் மாவாக அரைந்த மண், அதில் எப்போதோ பெய்த மழையின் ஈரம். வண்டி ஓட ஓட லைனர் அதிர்ந்து, அந்த மண்ணே உப்புத்தாள் மாதிரி பெயின்ட்டைத் தேய்த்துத் தின்றிருக்கிறது. திருகு போட்ட துளைகளைச் சுற்றித் துரு பூத்துக் கிடந்தது; ஒன்றில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், உள்ளே இறங்கிவிட்டது. மேலே இருந்து பார்த்தவரை எல்லாம் புதுசு! அன்றிலிருந்து எதை வாங்கினாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இதைக் கழற்றி அடியைப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?

லைனர் பெயின்ட்டில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பாலியூரித்தேனில் ரப்பர் குருணை கலந்த சரக்கு அது; தகட்டோடு ஒட்டிவிட்டால் இடையில் தண்ணீர் நுழையாது. ஆனால் ஒட்ட வேண்டுமே! பழைய பெயின்ட்டின் பளபளப்பு முழுக்கப் போகும்வரை உப்புத்தாள் போட வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைக்க வேண்டும், வடிகால் துளைகளை டேப்பால் மூட வேண்டும். பூசுவதைவிட இதற்குத்தான் நேரம் பிடிக்கும். இதில் அவசரப்பட்டால் ஓரங்களில் தோலாக உரியத் தொடங்கி, உரிந்த இடத்தில் பழைய துருக் கதையே திரும்ப வரும். வெயிலில் வெளுக்கவும் செய்யும். கனமான கல்லைப் போட்டால் கீறல் விழாது, தகடு நெளிவதை அது தடுக்காது. ஏற்கெனவே கீறிச் சீரழிந்த வண்டிக்கு, துருவைச் சுரண்டிவிட்டுப் பூசுவதென்றால் இதற்கே என் ஓட்டு.

மற்ற எல்லோருக்கும் ரப்பர் பாய். வண்டிக்கென்று வெட்டியதை வாங்க வேண்டும் என்பதில்லை. குதிரை லாயத்துக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் விற்கிற முக்கால் அங்குலப் பாயே போதும். நாலுக்கு ஆறடிப் பாய் ஒன்று ஏறக்குறைய 45 கிலோ, தூக்க இரண்டு பேர் வேண்டும். சாக்பீஸால் கோடு போட்டு, அடியில் ஒரு பலகை வைத்து, கத்தியில் சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொண்டு நாலைந்து தடவை மேலோட்டமாக இழுங்கள். ஒரே இழுப்பில் அறுக்க நினைத்தால் பிளேடுதான் உடையும். ரப்பர் நாற்றம் சில வாரம் இருக்கும். பெட்டிகள் வழுக்காது, முட்டி போட்டு ஏறினாலும் வலிக்காது. துளையே போடாததால் பத்து நிமிஷத்தில் சுருட்டி இறக்கி, தொட்டியைக் கழுவிவிடலாம். பக்கச் சுவரை மூடாது என்பது குறைதான், எனக்குப் பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. பாயோ பிளாஸ்டிக்கோ, அதன்மேல் பெட்ரோல் கேனை வைத்து நிரப்பாதீர்கள். நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் பொறி தட்டக்கூடும். கேனைத் தரையில் இறக்கி வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

தொட்டிக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் இரண்டு வழி. காந்தத்தில் ஒட்டும் பேட்டரி விளக்கு ஐந்து நிமிஷ வேலை. ஆனால் வண்டி எந்த உலோகம் என்று முதலில் பாருங்கள்: 2015 மாடலிலிருந்து ஃபோர்டு எஃப்-150க்கு அலுமினிய உடல், டொயோட்டா டகோமாவுக்கு 2005 முதலே கலவைப் பிளாஸ்டிக் தொட்டி. இரண்டிலும் காந்தம் பிடிக்காது. இன்னொரு வழி, 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையை வயர் இழுத்து மாட்டுவது. வெளிச்சம் அருமை. ஃபியூஸை மட்டும் பட்டைக்குப் பக்கத்தில் வைக்காமல் பேட்டரி முனைக்குப் பக்கத்தில் வையுங்கள். நடுவில் எங்கே வயர் உரசி ஷார்ட் ஆனாலும் ஃபியூஸ்தான் போகும், வயர் எரியாது. வாரம் ஒருநாள் இருட்டில் சாமான் இறக்குபவருக்குப் பேட்டரி விளக்கே ஏராளம்.

சாமான் கட்டும் பட்டையில், கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் ராட்செட் வகையைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். இரும்புக்கும் இயந்திரத்துக்கும் அது சரி. அட்டைப்பெட்டிக்கும் மர அலமாரிக்கும் கை பலத்தால் மட்டும் இறுகும் கேம் பக்கிள் பட்டைதான் நல்லது. ராட்செட் தெரியாமலே நொறுக்கிவிடும். எந்தப் பட்டையானாலும் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் காற்றில் அது போடும் ஊளைச் சத்தம் அடங்கும்.

பின்கதவைக் கழற்றிவிட்டு வலை மாட்டினால் எரிபொருள் மிச்சம் என்று ஒரு பேச்சு உண்டு. கழற்றுவதில் பிரியமுள்ள எனக்கே இதில் உடன்பாடில்லை. கதவு மூடியிருந்தால் தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிடும், மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிப் போய்விடும். கதவு கதவாகவே இருக்கட்டும்.