எடைவழிக் குளோரைடு கணிப்பு: திருவொற்றியூர் ஆய்வுக்கூடத்தில் எட்டு ஆண்டுகள்

திருவொற்றியூரில் நான் பணிபுரியும் சிறிய ஆய்வுக்கூடத்திற்குக் குளோரைடு அளவைக் காண, 0.9 சதவீத சலைன் (உப்புக்கரைசல்), அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்களின் உப்புநீர், உவர்ப்பேறிய போர்வெல் தண்ணீர் என எல்லாம் வரும். அன்றாடக் கணக்கிற்கு, சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, செங்கல் நிறம் தோன்றும் சொட்டை வைத்து அளவு காணும் மோர் (Mohr) முறைத் தரம்பார்த்தலே போதும். ஆனால் அந்த நிறம் எந்தச் சொட்டில் வந்தது என்பதில் இருவருக்குள் கருத்து வேறுபடும்போது, வழக்கைத் தீர்ப்பதற்கு, குளோரைடு வெள்ளியுடன் சேர்ந்து திண்மமாக விழும் வெள்ளி குளோரைடை எடைபோட்டுப் பார்க்கும் பழைய முறையையே எட்டு ஆண்டுகளாக நம்பி வருகிறேன்.

செய்முறை எளியது. 25 மில்லி சலைனை நீர்த்து, சிறிது நைட்ரிக் அமிலம் சேர்த்து, குளிர்ந்த நிலையிலேயே 0.1 மோலார் சில்வர் நைட்ரேட்டைக் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். கணக்குப்படி 38.5 மில்லி போதும். நான் 42 வரை ஊற்றுகிறேன். முதலில் பால்போல் வெண்மையாகப் பரவுவது, பீக்கரைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்துக் கலக்கக் கலக்க, திரிந்த பால்போல் கட்டிகட்டியாகி அடியில் தங்கும்; மேலே உள்ள நீர் கண்ணாடிபோல் தெளியும். அந்தத் தெளிவு வரும் முன்பே வடிகட்டியவர்கள் பின்னர் வருந்துவார்கள். நானும் வருந்தியிருக்கிறேன்.

கழுவும் நீரில்தான் முதல் ஆண்டு பாடம் படித்தேன். சுத்தமான காய்ச்சிவடித்த நீர்தானே நல்லது என்று எண்ணி அதையே ஊற்றினேன். நான்காம் முறை கழுவும்போது, கட்டியாக இருந்த வீழ்படிவு மீண்டும் நுண்துகள்களாகப் பிரிந்து கூழ்மமாகி, சின்டர்டு குரூசிபிளின் (நுண்துளை அடியுள்ள கண்ணாடி வடிகட்டிக் கிண்ணம்) துளைகள் வழியே கலங்கலாக இறங்கிவிட்டது. அன்றிலிருந்து மிக நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் மட்டுமே கழுவுகிறேன். அது உலர்த்தும்போது ஆவியாகிவிடுவதால் எடையில் சேராது. வடிநீரில் ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் பார்க்கையில் கலங்கல் தெரியாமல் போகும் வரை கழுவல் முடிவதில்லை.

வெளிச்சம் பெரிய தொல்லை. எங்கள் மேசை மேற்கு ஜன்னலை ஒட்டியது. பிற்பகல் வெயிலில் வெண்மை இளம் ஊதாவாக மாறும். வடித்துக் கழுவிய பின் இது நேர்ந்தால் குளோரின் வெளியேறி எடை குறையும். பீக்கரிலேயே, மிகுதியான வெள்ளி அயனிகள் இருக்கையில் நேர்ந்தாலோ, வெளியேறும் குளோரின் நீருடன் வினைபுரிந்து மேலும் வெள்ளி குளோரைடைத் தருவதால் எடை கூடும். ஒரே ஊதா நிறம் இரு திசைகளில் பிழை தருவது எனக்கு நெடுநாள் புரியவில்லை. இப்போது பீக்கரைக் கறுப்புத் தாளால் சுற்றி வைக்கிறேன். ஜன்னலுக்குத் திரையும் போட்டாயிற்று.

120 டிகிரியில் உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கண்ணாடிக் கலம்) ஆறவைத்து, எடை மாறாமல் நிலைக்கும் வரை திரும்பத் திரும்ப நிறுக்க வேண்டும். வட சென்னையின் கடற்காற்று இங்கேதான் குறுக்கே நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதனுள் ஈரம் உறிஞ்ச வைத்த நீலச் சிலிக்கா ஜெல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்து இளஞ்சிவப்பாகும். வெள்ளி குளோரைடு ஈரம் உறிஞ்சுவதில்லை. கண்ணாடிக் குரூசிபிளின் மேற்பரப்பே உறிஞ்சுகிறது. அதனால் ஒரு வெற்றுக் குரூசிபிளையும் அதே அடுப்பு, அதே டெசிகேட்டர் என உடன் நடத்தி, அதன் எடை மாற்றத்தைக் கழிக்கிறேன். கருவிக்கடைக்காரர் யாரும் சொல்லித் தராத இந்தச் சிறு ஏற்பாடுதான் எனக்கு மிகவும் உதவியது.

சலைன் சரியாக இருந்தால் 25 மில்லிக்கு 0.5518 கிராம் வெள்ளி குளோரைடு வர வேண்டும், அதை 0.2474 ஆல் பெருக்கினால் குளோரைடு. கவனமாகச் செய்த நாட்களில் எனக்கு மூன்றாம் தசம இடம் வரை ஒத்துப்போகிறது. உப்பளத்து நீரில் மட்டும் ஒரு எச்சரிக்கை: புரோமைடும் வெள்ளியுடன் சேர்ந்தே விழும், அதையும் குளோரைடாகவே எண்ணிவிடுவோம். சாதாரணக் கடல்நீரில் அது சொற்பம். உப்பு எடுத்தபின் எஞ்சும் அடர்நீரில் அப்படி விட்டுவிட முடியாது.

ஒரு நாள் முழுவதும் விழுங்கும் இம்முறையை அன்றாடம் செய்யச் சொல்ல மாட்டேன். தரம்பார்த்தலைச் சரிபார்க்க மாதம் ஒருமுறை போதும். முடிந்தபின் குரூசிபிளை அம்மோனியா நீரில் கழுவினால் வெண்மை கரைந்துவிடும். ஆனால் அந்த நீரைத் தேக்கி வைத்தால் வெடிக்கும் தன்மையுள்ள வெள்ளிச் சேர்மம் உருவாகலாம் என்பதால், அன்றே அமிலமாக்கி, மீண்டும் விழும் வெள்ளி குளோரைடைப் பழுப்புப் புட்டியில் சேர்த்து வைக்கிறேன்.