காரைக்குடி வெயிலில் மினியேச்சர் பெயிண்டிங்: ஐந்து வருடத்தில் எது தாங்கியது, எது தாங்கவில்லை

மே மாதம், காலை பதினொரு மணி. வளவில் பாய் போட்டு உட்கார்ந்து, கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஒரு சிப்பாய் பொம்மையின் கண்ணில் வெள்ளைப் புள்ளி வைக்கப் போகிறேன். தட்டில் தொட்ட பிரஷ் முகத்துக்குப் போவதற்குள் முனையில் இருந்த பெயிண்ட் காய்ந்துவிட்டது. நனைத்துத் திரும்பத் தொட்டேன், திரும்பவும் காய்ந்தது. மூன்றாவது தடவை குனிந்தபோது நெற்றியிலிருந்து ஒரு வியர்வைச் சொட்டு, பக்கத்தில் அப்போதுதான் வாஷ் (தண்ணீராய்க் கரைத்த பெயிண்ட்) போட்டு நிறுத்தியிருந்த இன்னொருவன் தலையில் நேராக விழுந்து, தலைப்பாகை நிறம் மீசை வரைக்கும் இறங்கிவிட்டது. ஃபேன் போட்டால் பெயிண்ட் காய்கிறது, போடாவிட்டால் எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. வீடியோவில் சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் எல்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பெயிண்ட் அடிக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

ஆரம்பித்தது 2020 லாக்டவுனில். மேஜை மீது பொம்மைப் படைகளை நிறுத்தி, ஸ்கேல் வைத்து அங்குலக் கணக்கில் நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிற விளையாட்டு. ஆட வருவது நான்கு பேர், அதில் ஒருவர் தேவகோட்டை, ஒருவர் புதுக்கோட்டை. உண்மையைச் சொன்னால் நான் ஆடுவதை விட பெயிண்ட் அடிப்பதுதான் அதிகம். இதுவரை முந்நூறு உருவம் தாண்டியிருக்கும். அப்பத்தா முதல் வாரம் பார்த்துவிட்டு, "என்னப்பா, எறும்புக்குச் சட்டை தச்சுக்கிட்டு இருக்கியா?" என்றது. அதை விடச் சரியாக இந்தப் பொழுதுபோக்கை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

வாங்குகிற கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நான் தொடங்கிய அதே வருடம் பட்ஜெட்டில் வெளிநாட்டுப் பொம்மைக்கான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. பெட்டி மேல் என்ன எழுதியிருந்தாலும் சுங்கக்காரர் கண்ணுக்கு இது பொம்மைதான். ஆகவே முதல் இரண்டு பெட்டியோடு நான் நிறுத்திக்கொண்டேன். இப்போது புதுக்கோட்டை நண்பர் ரெசின் 3டி பிரிண்டரில் உருவங்களை அடித்துத் தருகிறார். ஆல்கஹாலில் கழுவி வெயிலில் காட்டினால் ரெசின் இறுகிவிடும், நம் ஊர் மொட்டை மாடியில் பத்து நிமிடம் போதும். மறந்து மதியம் முழுக்க விட்டால் வேல், வாள் எல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

பெயிண்ட் விஷயத்தில் எனக்குக் கடைசி வரை நிலைத்தது சொட்டு மூக்கு வைத்த பாட்டில்தான். வயெஹோ என்ற ஸ்பெயின் கம்பெனியின் 17 மில்லி பாட்டில்கள் 2021-ல் வாங்கியவை இன்னும் ஓடுகின்றன; உள்ளே இரண்டு சின்ன ஸ்டீல் குண்டு போட்டுவிட்டேன், குலுக்கினால் அடியில் தங்கியது கலந்துவிடும், மூக்கு அடைத்தால் குண்டூசி. மூடியைத் திறந்து பிரஷ்ஷை உள்ளே விடுகிற டப்பா வகையில் ஒன்பது வாங்கினேன், ஆறு இரண்டாவது கோடையைத் தாண்டவில்லை. விளிம்பில் பெயிண்ட் ஒட்டிக் காய்ந்து மூடி சரியாக உட்காராது, அப்புறம் உள்ளே இருப்பது அல்வாத் துண்டு. உள்ளூர் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் கிராஃப்ட் அக்ரிலிக்கை மட்டம் என்று சொல்ல மாட்டேன், வீடு, பாறை, மரம் எல்லாம் அதில்தான் அடிக்கிறேன். முகத்துக்கு மட்டும் வேண்டாம். நிறத்துகள் கொஞ்சம் முரடு, இந்த அளவு மூக்கில் அது அம்மைத் தழும்பாகத் தெரியும்.

எவ்வளவு தண்ணீர் கலப்பது என்று கேட்பவர்களிடம் "பால் பதம்" என்று சொல்வார்கள். எனக்கு அந்தப் பதம் கைக்கு வர ஒரு வருடம் ஆனது. ஏனென்றால் நான் கலக்கும்போது பாலாக இருப்பது நாலாவது தொடுதலில் தயிராகிவிடும். ஆகவே கோடையில் நீர்மோர் பதத்தில் ஆரம்பிக்கிறேன், மூன்று மெல்லிய பூச்சு. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு சொட்டு சேர்த்தால் நன்றாகவே வேலை செய்கிறது. அதை வாங்குவதற்கு முன் சிக்கனம் பார்த்து மருந்துக் கடை கிளிசரின் விட்டேன். மூன்று நாள் கழித்தும் பொம்மை பிசுபிசுவென்று இருந்தது, ஈ ஒன்று ஒட்டிக்கொண்டது. அப்புறம் தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. கறுப்பு அங்கிக்கு மெல்லிய வாஷ் போட்டால் காய்ந்தபின் பொங்கல் பானையில் சுண்ணாம்பு பூசினது போல வெள்ளைப் படலம். பெயிண்ட் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு பாட்டிலை வீசியபின்தான் குற்றவாளி தண்ணீர் என்று தெரிந்தது. இப்போது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வடிகட்டி வைத்திருக்கிறேன், செலவில்லாத வழி.

ஒரே பூச்சில் பள்ளத்தில் நிழலும் மேட்டில் வெளிச்சமும் விழவைக்கும் பெயிண்ட் 2019-க்குப் பிறகு பெரிதாகப் பரவியது. படையாகப் பத்து இருபது பேரை முடிக்க அருமையான சரக்கு. ஆனால் அது பள்ளத்துக்கு இறங்கும் வரை ஈரமாக இருந்தாக வேண்டும். சித்திரை வெயிலில் பாதி வழியில் உறைந்து, காபி டம்ளர் வைத்த வட்டம் மாதிரி கறை விடுகிறது. மார்கழியில் அதே பாட்டில், அதே கை, பட்டுப் போல வந்தது.

வெட் பேலட்டுக்கு வருகிறேன், ஈர ஸ்பாஞ்சு மேல் தாள் விரித்து, பெயிண்ட் காயாமல் வைத்துக்கொள்ளும் தட்டு. நான் சொந்தக் காசில் வாங்கியதிலேயே வீண் என்றால் அந்தப் பிளாஸ்டிக் பெட்டிதான். ஒரு பெட்டி, ஒரு ஸ்பாஞ்சு, கொஞ்சம் தாள், அதற்கு அந்த விலை. ஆனால் வெட் பேலட் என்கிற விஷயம் இல்லாமல் இந்த ஊரில் ஒரு நாளும் பெயிண்ட் அடிக்க முடியாது. இப்போது வைத்திருப்பது முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் எடுத்த நீல விளிம்பு எனாமல் தட்டு, அடியில் ஸ்வீடன் முத்திரை, ஒரு ஓரத்தில் எனாமல் தெறித்திருந்ததால் விலை படிந்தது. அதில் பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சு, மேலே பேக்கிங் தாள், மூடியாக இன்னொரு தட்டு. கேக் செய்யும் பேக்கிங் தாள்தான் வேண்டும், இங்கே பட்டர் பேப்பர் என்று பல கடையில் கொடுப்பது மெழுகுத்தாள், அதில் ஈரம் மேலே வராது. கோடையிலும் இரண்டு நாள் பெயிண்ட் உயிரோடு இருக்கிறது. மழைக்காலத்தில் ஸ்பாஞ்சு நாறும், பூஞ்சை பிடிக்கும். அதற்கு ஸ்பாஞ்சுக்கு அடியில் ஓர் ஓட்டைக் காலணா போட்டிருக்கிறேன். வெண்கலக் காசு, பெரும்பங்கு தாமிரம், தாமிரம் இருந்தால் பூஞ்சை அவ்வளவு சீக்கிரம் அண்டாது. நாலு மழைக்காலம் பார்த்துவிட்டது, காசு பச்சையாகிவிட்டது, நாற்றம் இல்லை.

பிரஷ் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தப்பை நானும் செய்தேன்: சின்ன பொம்மைக்குச் சின்ன பிரஷ் என்று மூன்று சுழி (000) போட்டதை வாங்கினேன். நாலு முடி பிடிக்கிற பெயிண்ட் காற்றிலேயே காய்கிறது. முனை கூராக இருக்கும் 1-ஆம் நம்பர்தான் கண்ணுக்கும் பொத்தானுக்கும் சரி, வயிற்றில் பெயிண்டைத் தேக்கி வைத்துக்கொண்டு முனைக்கு அனுப்பும். வின்சர் அண்ட் நியூட்டன் சீரீஸ் 7 ஒன்று, சைபீரியப் பக்கத்து கோலின்ஸ்கி என்ற விலங்கின் வால் முடி, சிங்கப்பூரிலிருந்து வந்த அம்மான் மகன் வாங்கி வந்தது. மூன்று வருடம் முனை கலையவில்லை. கலைந்ததும் என்னால்தான், உலோகக் கழுத்து வரைக்கும் பெயிண்டில் முக்கினேன், உள்ளே காய்ந்த பெயிண்ட் முடியைப் பிரித்துவிட்டது. சின்தெடிக் பிரஷ் இருபது பொம்மைக்குள் முனை கொக்கி போட்டுக்கொள்ளும், அதை ட்ரை பிரஷுக்கும் (பெயிண்டைத் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் உரசுவது) பசை தடவவும் தள்ளிவிடலாம். ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வெளியூர்க் கடை ஒன்றில் "சார், இது கீரி முடி, கோலின்ஸ்கியை விட நல்லா நிக்கும்" என்று தாழ்ந்த குரலில் எடுத்து நீட்டினார்கள். கீரி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற விலங்கு, அதன் முடியில் செய்த பிரஷ் விற்பதும் குற்றம். ஒரு பிரஷ்ஷுக்கு எத்தனை கீரி என்று நினைத்தாலே கை வராது.

பெயிண்ட் பிடிக்க முதலில் பூசும் பிரைமரும், கடைசியில் பாதுகாப்புக்குப் பூசும் வார்னிஷும்தான் என்னை அதிகம் அழ வைத்தவை. ஸ்பிரே பிரைமரை மே மாதம் மொட்டை மாடியில் ஓர் அடி தூரத்திலிருந்து அடித்தேன். துளி பொம்மைக்குப் போவதற்குள் காற்றிலேயே காய்ந்து, முகத்தில் ரவை தூவினது மாதிரி உட்கார்ந்தது. பன்னிரண்டு பேர் போச்சு. இப்போது ஸ்பிரே என்றால் விடிகாலை ஆறு மணிக்கு முன், ஒரு சாண் தூரத்தில். மற்ற நேரம் பிரஷ்ஷால் பூசும் பிரைமர். வார்னிஷ் இதற்கு நேர் எதிர். ஐப்பசியில் மழை விட்ட ஒரு சாயங்காலம் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன், காற்றில் ஈரம் பிழிந்தால் வடியும் போல இருந்தது, பத்து நிமிடத்தில் ஒரு குதிரைப் படை முழுக்க மூடுபனிக்குள் போய்விட்டது. மூன்று வார வேலை. பளபளக்கும் கிளாஸ் வார்னிஷைப் பிரஷ்ஷால் மேலே பூசினால் அந்த வெள்ளை பெரும்பாலும் மறையும் என்று படித்துச் செய்தேன், மறைந்தது, குதிரைகள் எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி பளபளத்தன, காய்ந்தபின் பிரஷ்ஷாலேயே மேட் பூசிச் சமாளித்தேன். ஒன்று மட்டும் தேறாமல் இன்னும் சாம்பல் குதிரையாகவே நிற்கிறது. வார்னிஷே வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது, வேர்த்த கையால் நாலு ஆட்டம் எடுத்து வைத்தால் மூக்கு, தோள், வாள் முனையில் பெயிண்ட் தேய்ந்து அடி தெரிய ஆரம்பிக்கும்.

சூப்பர் குளூவும் ஈரத்தில்தான் இறுகும் என்பதால் மழைக்காலத்தில் தொட்டதும் பிடிக்கும், பங்குனியில் கையில் பிடித்தபடி சினிமாப் பாட்டு ஒன்று முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

சென்ற வருடம் எனக்கு வெள்ளெழுத்து வந்தது. நகை ஆசாரி கண்ணில் செருகும் பத்து மடங்கு லென்ஸை வாங்கிப் பார்த்தேன். பொருளை ஓர் அங்குலத்துக்குள் கொண்டுவர வேண்டும், பிரஷ்ஷுக்கு இடமே இல்லை, மூக்கில் நீலம் பட்டதுதான் மிச்சம். தலையில் மாட்டும் இரண்டு மடங்கு லென்ஸ் போதும்.

பேஸ், அதாவது பொம்மை நிற்கும் அடித்தட்டு விஷயத்தில் மட்டும் நாம் கொடுத்து வைத்தவர்கள். வெளிநாட்டில் டப்பாவில் விற்கும் பாலைவன மண் எனக்கு வாசலில் கிடக்கிறது. செம்மண்ணை டீ வடிகட்டியில் சலித்து, வாணலியில் வறுத்து, ஃபெவிகால் தடவிய பேஸில் தூவுவேன், காய்ந்த புல்லுக்குத் தேங்காய் நார். துருவுக்கும் புழுதிக்கும் தனியாக நிறப்பொடி விற்கிறார்கள், அதுவும் தேவைப்படவில்லை. ஆத்தங்குடியில் கல் போடும் பட்டறை ஒன்றில் நின்று வேடிக்கை பார்த்தேன். கண்ணாடிப் பலகை மேல் சட்டத்தை வைத்து, ஒவ்வொரு அறைக்குள்ளும் கரண்டியால் வண்ண சிமென்ட் ஊற்றி, சட்டத்தைத் தூக்கும்போது கோடு கலையாமல் அவர் எடுத்த விதத்தைப் பார்த்துவிட்டு என் கை நடுக்கத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. சிவப்பு ஆக்ஸைடு ஒரு பிடி காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "தம்பி, இது வெயில்ல வெளுக்காது, நீ எதுக்குப் பூசினாலும் சரி" என்றார். பீரங்கிச் சக்கரத்தில் ஆல்கஹால் தொட்டு வைத்த அந்தத் துரு மூன்று வருடமாக அப்படியே இருக்கிறது, அந்தப் பிடி இன்னும் பாதிகூடத் தீரவில்லை. அதே ஆத்தங்குடிக் கல் தரையில் ஒரு தடவை ஆடியும் பார்த்தோம், எங்கள் வீட்டுக் கல் எட்டு அங்குலம், ஸ்கேலே வேண்டாம். பூ வேலைப்பாட்டுக்குள் ஆள் எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் ஒருவனை மிதித்துவிட்டதோடு அந்த யோசனை முடிந்தது.

கெட்டுப்போனதைக் கழற்ற டெட்டால். தண்ணீர் கலக்காமல் ஒரு நாள் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் உலோக பொம்மையில் பெயிண்ட் மொத்தமாக உரிந்து வரும். தேய்த்து முடியும் வரை தண்ணீர் காட்டக் கூடாது, காட்டினேன், பெயிண்ட் பசையாகி விரலிடுக்கில் இரண்டு நாள் இருந்தது. வீடு ஆஸ்பத்திரி மாதிரி மணத்தது. இன்னொன்று, பெட்டியைக் காருக்குள் வைத்துவிட்டு மதியம் கல்யாணத்துக்குப் போகாதீர்கள். தேவகோட்டையில் மூன்று மணி நேரம், திரும்பி வந்தால் ஈட்டி எல்லாம் வாடின கீரைத்தண்டு. சுடுதண்ணீரில் முக்கி நிமிர்த்திக் குளிர்ந்த தண்ணீரில் போட்டதில் முக்கால்வாசி தேறின.

இப்போது கையில் இருப்பது 1801. மருது சகோதரர்கள் படையும் கம்பெனிப் படையும். அந்த வருடம் ஜூன் 16-ல் சின்ன மருது பிரகடனம் வெளியிட்டு, அக்டோபர் 24-ல் அண்ணன் தம்பி இருவரையும் தூக்கிலிட்ட திருப்பத்தூர் எங்களுக்குப் பக்கத்து ஊர், ஆனால் அந்தப் படையைப் பெட்டியில் போட்டு விற்கும் யாரையும் நான் பார்த்ததில்லை. வேறு பொம்மைகளின் துப்பாக்கியை வெட்டி எடுத்துவிட்டுக் கையில் வளரி என்ற எறிதடியை வைக்கிறேன். மெல்லிய தாமிரக் கம்பியைச் சுத்தியலால் தட்டி, பிறை வடிவில் வளைத்து, மூன்று மில்லிமீட்டரில் நறுக்குவது. தெறித்துப் போனவை எத்தனை என்று வீடு பெருக்குகிற அக்காவுக்குத்தான் தெரியும். கம்பெனிச் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை. கறுப்பு பிரைமர் மேல் சிவப்பு ஏழு பூச்சு போட்டாலும் ஏறாது, காவிப் பழுப்பை முதலில் அடித்தால் இரண்டில் முடிகிறது. பதினாறு பேரில் ஐந்து பேருக்குச் சட்டை ஆயிற்று. மீதிப் பதினோரு பேர் எனாமல் தட்டுக்குப் பக்கத்தில் காவியோடு நிற்கிறார்கள், புரட்டாசி பாதி போய்விட்டது, மழை பிடிப்பதற்குள் வார்னிஷ் வரைக்கும் போக வேண்டும். "இவுகளுக்கு எப்ப?" என்று அப்பத்தா தினம் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகிறது.