மத்தியஸ்த சபை: வாய்க்கால் சண்டைக்குச் சரி, வீட்டு அடிக்குச் சரிவராது

வேலியை அரக்கிப் போட்டது, கட்டாக்காலி மாடு வயலுக்குள் இறங்கினது, இரவில் வாய்க்கால் தண்ணியைத் திருப்பினது, வாய்த்தர்க்கத்தில் கை நீண்டது. இலங்கையின் வன்னியில் இப்படியான முறைப்பாடுகளைப் பொலிஸ் மத்தியஸ்த சபைக்குத்தான், அதாவது வழக்கில்லாமல் இரு தரப்பையும் இருத்திப் பேசித் தீர்க்கும் சபைக்குத்தான், அனுப்பும். பழைய ஆக்கள் இன்னும் "இணக்க சபை" என்பார்கள். 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த அது எப்போதோ போய்விட்டது. இப்போதுள்ளது 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழானது.

அமைப்பு நல்லது. மூன்று மத்தியஸ்தர்கள்: இரு தரப்பும் ஆளுக்கொருவரைத் தெரிய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தலைவராக எடுப்பார்கள். சட்டத்தரணி வாதாட முடியாது. அங்கே சொன்னதை நீதிமன்றில் சாட்சியமாக வைக்கவும் முடியாது. "ஓம், அடிச்சனான்" என்று ஒருவர் வாய்திறப்பது அதனால்தான். சின்னக் குற்றத்துக்கும் குற்றவாளி என்று முத்திரை குத்தினால் ஆள் அந்தப் பெயருக்கேற்ப வாழத் தொடங்கலாம் என்று குற்றவியல் ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அதோடு, தண்டப்பணம் அரசுக்குப் போகும். அழிந்த நெல்லுக்கு ஈடு இங்கே பேசலாம்.

கோட்டை விடுவது உடன்படிக்கை எழுதும்போது. "இனிப் பிரச்சினைப்பட மாட்டோம்" என்ற ஒற்றை வரியில் கையெழுத்து வைத்தால் அடுத்த போகத்திலேயே அதே சண்டை. எவ்வளவு பணம், எத்தனை தவணை, எந்தத் திகதி, வேலிக்கட்டைக்கு யார் செலவு எல்லாம் எழுத்தில் வரவேண்டும். சேதத்தைப் படம் எடுத்து வையுங்கள். அறுவடைக்குப் பிறகு போய்க் காட்ட ஒன்றும் இராது. மறுதரப்பு சொன்னபடி செய்யாவிட்டால் சபைக்கே திரும்பிப்போய் இணக்கமின்மைச் சான்றிதழ் கேளுங்கள். சபைக்குரிய பிணக்கென்றால் அந்தத் தாள் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது.

அரச காணி உத்தரவுப்பத்திரச் சிக்கலுக்கு இங்கே அலையவேண்டாம், அது பிரதேச செயலகத்து வேலை.

பெரிய குறை, மனைவியை அடித்தவனையும் "குடும்பப் பிரச்சினை" என்று இங்கே அனுப்பிவிடும் பழக்கம். பயந்திருப்பவரையும் பயமுறுத்துபவரையும் ஒரே மேசையில் இருத்தினால் வருவது இணக்கமல்ல, விட்டுக்கொடுப்பு. அதுவும் எப்போதும் ஒரு பக்கத்தால்தான். வீட்டு அடிக்கு 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், 12 மாதம் வரை செல்லும். காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் முதலில் கேட்டுப் பார்க்கலாம்.