வீட்டு கிராஃபீன் பெட்டி: வில்லைக்காக வாங்கலாம்

பெட்டிக்குள் கட்டைவிரல் நகமளவு இயற்கை கிராஃபைட், ஒரு சுருள் நீல டேப், சாமணம், செதிலை ஒட்டிப் பார்க்க ஆறு குட்டி சிலிக்கான் வில்லைகள் (மெல்லிய தகடுகள்), ஒரு பொட்டலம் கிராஃபைட் தூள். "வீட்டிலேயே கிராஃபீன்" என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கிராஃபீன் என்றால், கிராஃபைட்டிலிருந்து உரித்த, ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் அடுக்கு. எடுப்பது வீட்டிலேயே முடியும், சரி. எடுத்ததைப் பார்ப்பதுதான் முடியவில்லை.

டேப் வேலை, 2004-இல் மான்செஸ்டரில் இயற்பியலாளர்கள் கெய்மும் நோவோசெலோவும் செய்த அதே வித்தைதான். கிராஃபைட்டை டேப்பில் ஒட்டி, மடித்துப் பிரித்து, மறுபடி மடித்துப் பிரிக்க வேண்டும். ஏழெட்டுத் தடவையில் பளபளப்பு போய், சாம்பல் பூத்த மாதிரி மங்கலாகும். அதுதான் பதம். ஆசையில் நான் இருபது தடவை மடித்ததில் செதில்கள் பொடியாகி, இரண்டு வில்லைகள் வீண். டேப்பை வில்லையில் ஒட்டி, விரலால் நன்றாக நீவி, மெதுவாக உரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பசைதான் மிஞ்சும்.

"எந்த மைக்ரோஸ்கோப்பும் போதும்" என்கிறது விளக்கத்தாள். மகளின் பள்ளி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன், கும்மிருட்டு. அப்புறம்தான் உறைத்தது: அதில் வெளிச்சம் கீழிருந்து வருகிறது, சிலிக்கான் அதை மறைத்துவிடும். மேலிருந்து ஒளி விழும் உலோகவியல் மைக்ரோஸ்கோப் வேண்டும். வார்ப்பட ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பரைக் கெஞ்ச வேண்டியதாயிற்று.

அங்கேதான் வில்லையின் அருமை தெரிந்தது. அதன் மேல் 300 நானோமீட்டர் ஆக்சைடு பூச்சு, அதனால் ஊதா நிறம். தடித்த செதில்கள் மஞ்சளாக மின்னின, மெலிந்தவை நீலம். ஒரு நீலச் செதிலின் ஓரத்தில், ஈர விரல் பட்டது போல ஊதா ஒரு பிடி கருத்திருந்தது. ஒற்றை அடுக்கு என்றுதான் நினைக்கிறேன். ராமன் நிறமாலை (லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை வைத்து அடுக்கைக் கண்டறியும் சோதனை) எடுத்தால்தான் அடித்துச் சொல்ல முடியும். ஒற்றை அடுக்கு விழுங்குவது 2.3% ஒளியைத்தான். இந்தப் பூச்சு இல்லாமல் வெறும் கண்ணாடியில் இருந்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன்.

தூள் மிக்ஸிக்கு. பாத்திரம் துலக்கும் திரவமும் தண்ணீரும் சேர்த்து அடிப்பது, 2014-இல் டப்ளின் ட்ரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் காட்டிய வழி. எனக்கு நுரை பொங்கி மேடையெல்லாம் கறுப்பு. ஒரு நாள் தெளியவிட்டால் மேலே நிற்பது சில அடுக்குச் செதில்கள், சோப்போடு. அந்த ஜாரில் இனி சட்னி கிடையாது.

கடைசிப் பக்கத்தில் "அடுத்த கட்டம்" என்று கந்தக அமிலத்தையும் பெர்மாங்கனேட்டையும் கலக்கச் சொல்கிறார்கள். வெடிக்கக்கூடிய மாங்கனீசு ஹெப்டாக்சைடு உண்டாகும் கலவை அது. குழந்தைகள் கையிலும் போகும் பெட்டியில் இதையா அச்சடிப்பது? அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

ஐந்துக்கு மூன்று. வில்லைகளைத் தனியாக விற்றால் இன்னும் பத்து வாங்குவேன்.