‘வேணாம்டா’ சொல்லப் பழக்கும் ஒருநாள் பயிற்சி: மஞ்சக்குப்பம்

ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் சனிக்கிழமைகளில் நடக்கும், நண்பர்கள் வற்புறுத்தும்போது மறுக்கப் பழக்கும் பயிற்சி இது. காலைப் பகுதி அருமை, மதியம் சுமார். தாராளமாக அனுப்பலாம், ஆனால் பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள், வகுப்புத் தோழர் ஒருவரோடு அனுப்புங்கள்.

ஏன் என்பது முதல் பயிற்சியிலேயே புரிந்துவிடும். 1950களில் அமெரிக்காவில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய கோட்டுச் சோதனையை அட்டை வைத்துச் செய்துகாட்டுகிறார்கள். காட்டிய கோட்டுக்கு எந்தக் கோடு சம நீளம் என்பது பளிச்சென்று தெரியும். ஆனாலும் முன்னால் இருப்பவர்கள் வரிசையாகத் தப்பு விடை சொன்னால், நம் முறை வரும்போது நாக்கு புரளும். ஆஷின் சோதனையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். சரியான விடை சொல்லும் ஒரே ஒரு ஆள் உடன் இருந்தபோது அது வெகுவாகக் குறைந்தது. அந்த ஒரு ஆள் அதே வகுப்பில் படிக்கும் நண்பனாகவோ தோழியாகவோ இருந்தால்தான் திங்கட்கிழமை பயன்படும்.

அடுத்து மறுப்புப் பயிற்சி. மூன்று பேர் வற்புறுத்த, ஒருவர் மறுக்க வேண்டும். சிகரெட், அலை முரடாக இருக்கும்போது சில்வர் பீச்சில் இறங்குவது, ஒரே பைக்கில் மூன்று பேராகப் பாண்டி போவது என்று எல்லாமே இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நிஜமாக வரும் அழைப்புகள். முக்கால்வாசிப் பேர் சறுக்குவது காரணம் சொல்லப்போய்த்தான். “அம்மா திட்டும்” என்றால், “அம்மாவுக்கு எப்படிடா தெரியும்?” என்று வரும். காரணம் சொன்ன உடனே பேரம் ஆரம்பம். “எனக்கு பைக் வேணாம்டா. நான் பஸ்ல வர்றேன், பாண்டி பஸ் ஸ்டாண்டுல பாக்கலாம்” என்பது நிற்கும், மறுப்பது பைக்கை மட்டும்தான், நட்பை இல்லை. திரும்ப வற்புறுத்தினாலும் அதே வாக்கியம், அதே குரல். குரல் உயர்ந்தால் சண்டையாகிவிடும்.

மதியம் சட்டம். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர் உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டிச் சிக்கினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. தெரியவேண்டிய விஷயம்தான், ஆனால் ஸ்லைடைப் பார்த்து வாசித்தால் யார் கேட்பார்கள்?

பெரிய குறை, வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்றைய வற்புறுத்தலில் பாதி ராத்திரி பத்து மணிக்கு மேல் அங்கேதான் நடக்கிறது. உடனே பதில் போடாமல் மியூட் செய்துவிட்டுக் காலையில் பேசுவதையும் பழக்க வேண்டும். இன்னொன்று, பள்ளி ஆசிரியர்களைப் பின்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். பிள்ளைகள் அவர்களுக்குப் பிடித்த பதிலையே சொல்கிறார்கள்.

சேர்க்கும் முன் எத்தனை பேர் என்று கேளுங்கள். இருபதைத் தாண்டினால் மறுத்துப் பேசும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்காது. அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.