அணி தொடர்ந்து தோற்றால் யார் காரணம்: கோச்சா, விளையாடுகிறவர்களா?

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை பக்கம் கூடைப்பந்தாட்டம் பார்க்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் ஓர் அணி நாலு மெட்ச் வரிசையாகத் தோற்றுவிட்டால் அந்தக் கொஞ்சப் பேரும் இரண்டு கட்சியாகிவிடுகிறோம். இதில் நான் கவனித்தது ஒன்று: என்பிஏ (அமெரிக்காவின் தொழில்முறை கூடைப்பந்தாட்ட லீக்) அணி தோற்றால் "கோச்சை மாத்து" என்கிறோம், நம்ம ஸ்கூல் டீம் தோற்றால் "பிள்ளைகளுக்குத் திறமை போதாது" என்கிறோம். இரண்டுமே தலைகீழ் என்பதுதான் என் கருத்து.

முதலில் கோச்தான் காரணம் என்கிறவர்களின் வாதம். அவர்களிடம் இருக்கிற மிகப் பலமான சாட்சி கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் என்ற என்பிஏ அணி. 2013-14 இல் மார்க் ஜாக்சன் கோச்சாக இருந்தபோது 51 வெற்றி, முதல் சுற்றிலேயே வெளியே. கரி, தொம்சன், டிரேமண்ட் கிரீன் எல்லாரும் அப்போதே அணியில் இருந்தவர்கள்தான். அடுத்த வருடம் ஸ்டீவ் கர் வந்தார், 67 வெற்றி, சாம்பியன். என்ன மாறியது? அதற்கு முந்தைய சீசனில் லீக்கிலேயே குறைவாக பாஸ் செய்த அணி அது. கர் பந்தை ஓட வைத்தார், இகுவோடாலாவை பெஞ்சுக்கு நகர்த்தினார், காயமடைந்த டேவிட் லீயின் இடத்தில் இறங்கிய கிரீனை அங்கேயே நிலைக்க விட்டார். ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள், ஆட்டம் மட்டும் வேறு. இதை மறுக்க முடியாது.

சரி, அடுத்த பக்கம். 1996-97 சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். 3 வெற்றி 15 தோல்வி என்று இருந்தபோது கோச் பாப் ஹில்லை நீக்கிவிட்டு, மேலாளராக இருந்த கிரெக் பொப்போவிச் தானே கோச்சாக இறங்கினார். மிச்ச மெட்ச்களில் 17 வெற்றி, 47 தோல்வி! காரணம் ஒன்றும் மர்மமில்லை, டேவிட் ரொபின்சன் காயத்தால் அந்த சீசனில் ஆறே மெட்ச் ஆடினார். அடுத்த சீசனில் ரொபின்சன் திரும்பினார், டிம் டங்கன் புதிதாக வந்தார், அதே பொப்போவிச்சின் கீழ் 56 வெற்றி. பிறகு 1999 தொடக்கம் 2014 வரை ஐந்து சாம்பியன் பட்டம். அந்த 17-47 ஐ மட்டும் பார்த்து அவரை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இடையில் குழப்பமான உதாரணங்களும் உண்டு. மில்வோக்கி 2024 ஜனவரியில் 30-13 என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதே ஏட்ரியன் கிரிஃபினை நீக்கியது. பிறகு வந்த டொக் ரிவர்ஸுக்குக் கிடைத்தது 17-19. டெட்ராய்ட் 2023-24 இல் ஒரே சீசனில் வரிசையாக 28 தோல்வி, மொத்தம் 14 வெற்றி. கோச் மாறினார், அடுத்த சீசன் 44 வெற்றி. ஆனால் அந்த இடைவேளையில் டொபயஸ் ஹாரிஸ், மலிக் பீஸ்லி போன்ற அனுபவசாலிகளையும் எடுத்தார்கள், ஆகவே புதுக் கோச்சுக்கு எவ்வளவு, புது ஆட்களுக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

அப்படியென்றால் என்பிஏவில் ஏன் முதலில் கோச் போகிறார்? 15 பேருக்கு ஒப்பந்தம், பெரும்பாலும் உறுதி செய்யப்பட்ட பணம், அவர்களை மொத்தமாக அனுப்ப முடியாது, ஒருவரை அனுப்பலாம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. இங்கே மலையகத்தில் அந்த இளைத்தவன் பிள்ளைதான். ஸ்கூலில் விளையாட்டுக்குப் பொறுப்பான மாஸ்டரை யாரும் மாற்றப்போவதில்லை, வேறு ஆளும் கிடையாது, எனவே பிள்ளையை டீமிலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

எனக்கு இதுதான் வயிறெரிகிறது. என்பிஏ வீரர் கோச்சிடம் வரும்போதே முழு ஆட்டக்காரர். நம்ம பிள்ளை அப்படியில்லை, அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த கூடைப்பந்தாட்டம் முழுக்க மாஸ்டர் சொல்லிக் கொடுத்தது. நம்ம பெண் பிள்ளைகளில் பலர் வலைப்பந்தாட்டத்திலிருந்து வருகிறவர்கள். அதில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது, கம்பத்தில் பின்பலகையும் கிடையாது. அதனால் பந்து கைக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள், வளையத்துக்குக் கீழே வந்தும் பலகையில் அடித்துப் போடத் தோன்றுவதில்லை. இது திறமைக் குறைவா? ஒரு பழக்கத்தை மாற்றி இன்னொன்றைப் பழக்க வேண்டியது யார் வேலை? கரப்பந்தாட்டத்திலிருந்து வருகிற பையன்களும் இப்படித்தான், நல்ல உயரம் பாய்வார்கள், ஆனால் ரீபவுண்டை (போடாமல் தவறித் திரும்பி வரும் பந்தை) இரண்டு கையால் பிடிக்காமல் தட்டிவிடுவார்கள்.

மாஸ்டர்மாரின் கஷ்டமும் தெரியாமலில்லை. ஒரே ஆள் மெய்வல்லுநர், வலைப்பந்து, கிரிக்கெட் எல்லாம் பார்க்க வேண்டும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே மாதம் மழை பிடித்தால் செப்டம்பர் வரை திறந்த சீமெந்து கோர்ட்டில் பாதி நாள் கால் வைக்க முடியாது, வழுக்கும். தோட்டத்துக்குப் போகிற பிள்ளைகள் பஸ்ஸைப் பார்த்து இடையில் கிளம்ப வேண்டும். ஆனாலும் மழை நாளில் வகுப்பறைக்குள் கால் நகர்த்தும் பயிற்சி, பலகையில் படம் போட்டு டிஃபென்ஸ் விளக்குவது எல்லாம் முடியும்.

மெட்ச் பார்க்கும்போது நான் பிரித்துப் பார்க்கிற விதம் இது. ஷூட் பண்ண இடமே கிடைக்காமல், பந்து கைக்கு வந்ததும் ஷூட் பண்ணக் கொடுக்கிற 24 விநாடி முடிகிறதா, அது கோச்சின் கணக்கு. எதிரணி வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு புள்ளி போடும்போது டைம் அவுட் கையில் இருந்தும் எடுக்கவில்லையா, அதுவும் அவர் கணக்கு. இடம் கிடைத்தும் போடவில்லை, பந்தை விட்டதும் டிஃபென்ஸுக்குத் திரும்பி ஓடாமல் நடக்கிறான், நடுவரிடம் வாய் கொடுத்து பௌல் வாங்குகிறான், இதெல்லாம் விளையாடுகிறவன் கணக்கு, வயது பதினைந்தாக இருந்தாலும் சரி. ஃப்ரீ த்ரோ, அதாவது பௌலுக்குக் கிடைக்கிற இலவச ஷூட், அதுதான் சிக்கல். 4.6 மீட்டர், மறிக்க ஆளில்லை, தவறினால் அவன் தவறுதான். ஆனால் முழு டீமும் தவறவிட்டால், களைத்த பிறகு போட்டுப் பழகவில்லை என்று அர்த்தம், அதைப் பிள்ளை மேல் போடாதீர்கள்.

இப்போது சில இடங்களில் பழைய மாணவர்கள் காசு சேர்த்துக் கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கோச் பிடிக்கப் பார்க்கிறார்கள். நல்லது, செய்யுங்கள். ஆனால் போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கூட்டிவந்து, தோற்றதும் அவரையும் அனுப்பிவிடாதீர்கள். குறைந்தது இரண்டு சீசன் கொடுங்கள், அப்புறம் சீனியர் டீமோடு ஜூனியர் பிள்ளைகளையும் அவரிடமே விடுங்கள்.