விலைக்கு வாங்கிய கிளிக்குகள்: ஒரு மாதச் சந்தாவின் மதிப்பீடு

கூகுளில் ஒரு சொற்றொடரைத் தேடி, முடிவுகளில் நம்முடைய பக்கத்தைக் கண்டுபிடித்து, அதைக் கிளிக் செய்து, சிறிது நேரம் அங்கேயே இருப்பதுபோல் செய்துகாட்டுவதற்கென்றே கட்டணச் சேவைகள் உள்ளன. அவற்றில் ஒன்றுக்கு ஒரு மாதச் சந்தா கட்டினேன். மாடித்தோட்டம் பற்றி நான் நடத்தும் சிறு இணையதளத்தில், கறிவேப்பிலைச் செடியின் இலை மஞ்சளாவது குறித்த பக்கம் நெடுநாளாக ஒன்பதாம் இடத்தைவிட்டு நகரவில்லை. நான்கு வாரங்களில் அதை முதல் மூன்று இடங்களுக்குள் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். மதிப்பிட வேண்டியது அந்தக் கடையைவிட, அது விற்கும் சரக்கைத்தான்.

அந்தச் சரக்குக்குப் பின்னால் இருக்கும் கருத்து பொய்யன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எதை மக்கள் கிளிக் செய்கிறார்கள், அங்கே எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதை வைத்தே முடிவுகளை வரிசைப்படுத்திய டைரக்ட் ஹிட் என்ற தேடுபொறி 1998-லேயே வந்துவிட்டது. 2000-ல் அதை ஆஸ்க் ஜீவ்ஸ் என்ற இன்னொரு தேடுபொறி நிறுவனம் விலைக்கு வாங்கியது. கூகுளோ, கிளிக்குகள் தரவரிசையை நேரடியாகத் தீர்மானிப்பதில்லை என்றே இணையதளக்காரர்களிடம் பல ஆண்டுகள் சொல்லிவந்தது. அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில், 2023 அக்டோபரில் அந்நிறுவனத்தின் தேடல் பிரிவுத் துணைத் தலைவர் பாண்டு நாயக் சாட்சியம் அளித்தபோதுதான் நேவ்பூஸ்ட் என்ற பெயர் பலருக்கும் தெரியவந்தது. எந்தத் தேடலுக்கு எந்த முடிவு கிளிக் செய்யப்பட்டது என்ற தரவைப் 13 மாதங்களுக்குச் சேர்த்து வைத்துக்கொண்டு, பல்லாயிரம் பக்கங்களைச் சில நூறாகக் குறைக்க உதவும் அமைப்பு அது. முன்னர் அந்தக் காலம் 18 மாதங்களாக இருந்ததாம். 2024 மே மாதம் வெளியே கசிந்த கூகுளின் உள் ஆவணங்களிலும் நல்ல கிளிக், கெட்ட கிளிக், கடைசியாக நீண்ட நேரம் நிலைத்த கிளிக் என்ற பொருளில் தனித்தனித் தரவுப் புலங்கள் இருந்தன. ஆவணங்கள் தன்னுடையவைதாம் என்று கூகுள் ஒப்புக்கொண்டது. சூழலைப் பிரித்து வாசித்து முடிவுக்கு வரவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது.

இந்தச் சேவைகளின் விளம்பரங்களில் அடிக்கடி காட்டப்படும் சான்று, தேடல் முடிவுகளில் பக்கங்களை மேலே கொண்டுவரும் எஸ்இஓ துறையில் நன்கு அறியப்பட்ட ரேண்ட் ஃபிஷ்கின் 2014-ல் செய்த சோதனை. குறிப்பிட்ட சொல்லைத் தேடித் தன் பக்கத்தைக் கிளிக் செய்யுமாறு ட்விட்டரில் தன்னைப் பின்தொடர்ந்தவர்களிடம் அவர் கேட்க, ஏழாம் இடத்தில் இருந்த பக்கம் சில மணி நேரத்தில் முதலிடத்துக்கு வந்தது. அன்று கிளிக் செய்தவர்கள் சொந்தக் கைப்பேசியும் சொந்தக் கணக்கும் பல ஆண்டுத் தேடல் பழக்கமும் உள்ள உண்மையான மனிதர்கள் என்பதை மட்டும் எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

எனக்குக் கிடைத்தவர்கள் வேறு வகையினர். முதல் வாரமே சேவையின் கணக்குப் பலகையில் நாளொன்றுக்கு இருபது கிளிக்குகள் அழகான வரைபடமாக ஏறின. சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், வந்தவை அனைத்தும் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் இருந்துவிட்டு, இன்னொரு பக்கத்தைக்கூடத் தொடாமல் வெளியேறியிருந்தன. பாதிக்கு மேல் கிழக்கு ஐரோப்பிய முகவரிகள். கறிவேப்பிலைக்கு என்ன உரம் போடுவது என்று அங்கிருந்து யார் தமிழில் தட்டச்சு செய்து தேடுகிறார்கள்? நேவ்பூஸ்ட் தன் தரவை இடவாரியாகவும், கைப்பேசி, கணினி என்ற கருவிவாரியாகவும் பிரித்து வைக்கிறது என்பது அதே சாட்சியத்தில் வந்த செய்தி. ஆகவே அந்தக் கிளிக்குகள் ஒருவேளை எண்ணப்பட்டிருந்தாலும், திருச்சியில் ஒருவர் கைப்பேசியில் தேடும்போது அவற்றால் ஆகப்போவது ஒன்றுமில்லை. தேடலிலிருந்து வரும் கிளிக்குகளை இணையதளக்காரர்களுக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவியில் அந்தப் பக்கத்தின் கிளிக் எண்ணிக்கை வழக்கத்தைவிடச் சற்றே கூடியது. நாளுக்கு இருபது என்ற கணக்கின் அருகில்கூட அது வரவில்லை. இரண்டாம் வாரத்தில் பக்கம் மூன்று நாள் ஏழாம் இடத்தில் நின்றது, பிறகு பத்துக்கு இறங்கி, மாத முடிவில் பழைய ஒன்பதுக்கே திரும்பியது.

எண்ணிக்கையைக் கூட்டினால் இடம் கூடும் என்ற கணக்கே இங்கு பிழை. முதலிடத்தில் இருப்பதாலேயே முதல் முடிவு அதிகக் கிளிக் பெறுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தோர்ஸ்டன் யோகிம்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் 2005-ல் முதல் இரண்டு முடிவுகளை இடம் மாற்றிக் காட்டியபோதுகூட, மேலே இருந்ததையே பலரும் தேர்ந்தெடுத்தார்கள். இந்தச் சாய்வைக் கழித்துவிட்டுத்தான் எந்தத் தேடுபொறியும் கிளிக்கை எடைபோட முடியும். மேலே சொன்ன ஆவணங்களில் கிளிக் எண்ணிக்கையை நசுக்கிய (அதாவது, மிகையைக் குறைத்த) அளவாகவும் நசுக்காத அளவாகவும் தனித்தனியே குறித்திருப்பது, ஒரே பக்கம் பெருந்தொகையாகக் குவிக்கும் கிளிக் மற்றவற்றை மூழ்கடித்துவிடாமல் இருப்பதற்காகவே என்று கருதலாம்.

சேவையைப் பற்றி நல்லதாகச் சொல்வதென்றால், கணக்குப் பலகை தெளிவாக இருந்தது. வாடிக்கையாளர் உதவியில் ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. எந்தக் கேள்விக்கும் அந்தப் பதில் "இன்னும் இரண்டு மாதம் பொறுத்துப் பாருங்கள்" என்பதாகவே இருந்தது. மாதம் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டிய எனக்கு அந்தப் பொறுமை இல்லை. சந்தாவை நிறுத்தும் பொத்தானைத் தேடியும் கிடைக்காததால், மின்னஞ்சல் அனுப்பித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு, சல்லிக்காசு கேட்காத சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தின் 16 மாதத் தரவை உட்கார்ந்து படித்தேன். தேடியவர்களில் பெரும்பாலோர் கேட்டிருந்தது, "கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றலாமா" என்பது. என் பக்கத்திலோ முதல் மூன்று பத்திகள் கறிவேப்பிலையின் பெருமையைப் பாடின; புளித்த மோர் எங்கோ அடியில் கிடந்தது. வந்தவர் உடனே திரும்பிப் போய் அடுத்த முடிவைக் கிளிக் செய்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. தலைப்பில் மோரைச் சேர்த்தேன். தளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு, அடி இலைகள் முழுதாகப் பழுத்தால் தழைச்சத்துக் குறைவோ தேங்கிய நீரோ காரணமாக இருக்கலாம் என்பதை முதல் பத்திக்குக் கொண்டுவந்தேன். இரண்டு மாதத்தில் பக்கம் ஐந்தாம் இடத்துக்கு வந்தது. அது திரும்பிப் போகாமல் தங்கியவர்களின் கிளிக்கால் வந்ததா, திருத்திய எழுத்தால் வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.